மூளையின் சங்கதிக்கு இரத்தம் சாட்சி

நம் வாலாஜாபேட்டையிலும் சரி, இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கங்களிலும் சரி, ஒரு வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால், அல்லது ஒரு பெண் காரணம் தெரியாமல் அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டால், அந்த வீட்டுக்கு முதலில் வந்து சேருகிறவர்கள் காரணம் சொல்லுகிறவர்களேயாவார்கள். ஒருவர் பேய் என்பார். ஒருவர் செய்வினை என்பார். ஒருவர் ஏழரைச் சனி என்பார். ஒருவர் முன்ஜென்ம வினை என்பார். இவர்களில் ஒருவரையாவது, “அதை நீர் எப்படிக் கண்டீர்? வேறு காரணம் இல்லை என்பதற்கு என்ன ருஜு?” என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சமீப காலமாக இந்தக் கூட்டத்தோடு இன்னொரு பேச்சும் வந்து சேர்ந்திருக்கிறது. “மூளையில் சிரோட்டோனின் குறைந்துவிட்டது, அதனால்தான் மனச்சோர்வு” என்பதே அது. இதைச் சொல்லுகிறவர் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு இங்கிலீஷ் வார்த்தை பேசுகிறார். ஆகவே நாம் தலையை ஆட்டிவிடுகிறோம். பேயோட்டுகிறவனைக் கேட்க வேண்டிய கேள்வியை இவரையும் கேட்பதுதான் பகுத்தறிவாகும். ஒரு வார்த்தை சமஸ்கிருதத்தில் இருப்பதால் அது எப்படி உண்மையாகிவிடாதோ, அப்படியே இங்கிலீஷில் இருப்பதாலும் உண்மையாகிவிடாது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பேயோட்டுகிறவனிடம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. விஞ்ஞானிகளிடம் பதில் உண்டு. அந்தப் பதிலில் எவ்வளவு கெட்டி, எவ்வளவு ஓட்டை என்பதையும் அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். உயிரோடிருக்கும் மனிதனின் மண்டையைத் திறக்காமல், மருந்து அவனுடைய மூளைக்குள் என்ன செய்கிறது என்பதை அவர்கள் எப்படி அறிய முயன்றார்கள் என்பதை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நமது நோக்கம்.

சிரோட்டோனின் என்பது உடம்பு தானே உண்டாக்கிக்கொள்ளும் ஒரு ரசாயனப் பொருள். பருப்பு, பால், முட்டை, மாமிசம் முதலியவைகளிலுள்ள டிரிப்டோபேன் என்னும் சத்திலிருந்து உடம்பு அதைச் செய்துகொள்ளுகிறது. 1948-ல் அமெரிக்காவில் கிளீவ்லாண்டு நகரத்தில் ராப்போர்ட், கிரீன், பேஜ் என்கின்ற மூவர் அதை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். இத்தாலியில் எர்ஸ்பாமர் என்பவர் அதற்கு முன்பே குடலில் கண்டு வேறு பெயர் வைத்திருந்த பொருளும் இதுவேதான் என்பது பின்னால் விளங்கிற்று. 1953-ல் பெட்டி ட்வாராக் என்கின்ற அம்மையார், பேஜ் என்பவருடன் சேர்ந்து, மிருகங்களின் மூளையிலும் அது இருப்பதைக் காட்டினார். மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல அனுப்பும் தூதர்களில் இதுவும் ஒன்று.

இங்கேதான் முதல் சிக்கல் வருகிறது. உடம்பிலுள்ள சிரோட்டோனினில் பெரும்பங்கு, அதாவது 100-க்குச் சுமார் 90 பங்கு, குடலில் இருக்கிறது. மூளையில் இருப்பது சொற்பமே. குடலிலும் இரத்தத்திலும் இருப்பது மூளைக்குள் போகவும் முடியாது. இடையில் மூளையின் இரத்தக் குழாய்களே காவல் நிற்கின்றன. ஆகவே, கையில் இரத்தம் எடுத்து அதிலுள்ள சிரோட்டோனினை அளந்து, “உமது மூளையில் இவ்வளவுதான் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், அது பக்கத்து வீட்டுப் பெட்டியை எண்ணி நம் வீட்டுக்குக் கணக்கு எழுதுவது போன்றதேயாகும்.

நிற்க, மருந்துக்கும் மூளைச் சிரோட்டோனினுக்கும் சம்பந்தம் உண்டென்று முதன்முதலில் காட்டிய சங்கதியில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் வெகுகாலமாகப் பித்துக்குக் கொடுத்து வந்தார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், அது பித்தையும் இரத்தக் கொதிப்பையும் தணிப்பதாக எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் வக்கீல் என்பவர் அதை இரத்தக் கொதிப்புக்காரர்களுக்குக் கொடுத்துக் கண்ட பலனைச் சீமைப் பத்திரிகையில் வெளியிட்டார். 1952-ல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியார் அதன் சத்தைப் பிரித்து ரிசர்பின் என்று பெயரிட்டார்கள். 1955-ல் அமெரிக்காவில் பிராடி என்பவரின் சோதனைச் சாலையார், ரிசர்பின் கொடுத்த முயல்களின் மூளையிலிருந்து சிரோட்டோனின் வெளியேறிக் குறைந்துபோவதை அளந்து காட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், வேர் ஆயிரம் வருஷம் நம்மிடமே இருந்தும், “பாட்டன் கொடுத்தான், நானும் கொடுக்கிறேன்” என்று இருந்த வரையில் அது எப்படி வேலை செய்கிறது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பழமை என்பது மருந்துக்குச் சாட்சியல்ல, அளவுதான் சாட்சி.

ஆனால் முயலைக் கொன்று மூளையை எடுத்து அளக்கலாம். மனிதனை என்ன செய்வது?

இதற்கு விடை நம் ஊர்ப் பக்கத்துத் தோல் தொழிலாளிக்கே தெரியும். குரோம் முறையில் பதனிட்ட தோல் உள்ளே வரையில் சரியாகப் பதமாகியிருக்கிறதா என்று பார்க்க அவர் பூதக்கண்ணாடி தேடுவதில்லை. தோலில் ஒரு சிறு துண்டு வெட்டுகிறார். காகிதத்தில் வைத்து அதன் ஓரத்தைக் கோடு போட்டுக்கொள்ளுகிறார். கொதிக்கிற தண்ணீரில் இரண்டொரு நிமிஷம் போடுகிறார். எடுத்து மறுபடியும் அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்க்கிறார். சுருங்காமல் இருந்தால் பதம் சரி. சுருண்டுபோனால் பதம் போதவில்லை. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், வெளியிலிருந்து ஒரு தொந்தரவு கொடுத்து, அதற்கு அது எப்படிப் பதில் சொல்லுகிறது என்பதைக் கொண்டு உள் சங்கதியைத் தெரிந்துகொள்ளுகிறார்.

மூளைச் சோதனையும் இதே நியாயந்தான். சிரோட்டோனினை அனுப்பும் நரம்புகள் மூளையின் அடித்தண்டிலிருந்து புறப்படுகின்றன. அவைகளில் சில, ஹைப்போதலாமஸ் என்னும் பகுதிக்குப் போகின்றன. அந்தப் பகுதிதான் அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பிக்கு எஜமான். பிட்யூட்டரியோ தன் ஹார்மோன்களை நேரே இரத்தத்தில் விடுகிறது. அவைகளில் ஒன்று புரோலாக்டின். இது தாய்க்குப் பால் சுரக்கச் செய்வது. ஆனால் ஆண்கள் இரத்தத்திலும் உண்டு. ஆகவே, மூளையில் சிரோட்டோனினை அவிழ்த்துவிடும் ஒரு மருந்தைக் கொடுத்தால், ஹைப்போதலாமஸ் தூண்டப்படும். பிட்யூட்டரி புரோலாக்டினை அதிகமாக விடும். அந்த ஏற்றத்தைக் கையில் எடுக்கும் இரத்தத்திலேயே அளந்துவிடலாம். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி விடும் கார்ட்டிசால் என்பதையும் இப்படியே அளப்பதுண்டு.

புரோலாக்டின் இரத்தத்தில் இருப்பது எவ்வளவு? ஒரு மில்லி லிட்டரில் சில நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோகிராம். இவ்வளவு சொற்பத்தையும் அளக்கும் வழியை அமெரிக்காவில் ரோசலின் யாலோ என்கின்ற அம்மையாரும் பெர்சன் என்பவரும் 1950-களில் கண்டுபிடித்தார்கள். அதற்காக யாலோ அம்மையாருக்கு 1977-ல் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. பெண்ணுக்குப் புத்தி மட்டு என்று சாஸ்திரம் படிக்கிறவர்கள் இதைத் தயவு செய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

1989-ல் அமெரிக்காவில் காக்கரோ என்னும் டாக்டரும் அவரது கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனை இவ்வகையில் பெயர் பெற்றது. அவர்கள் கொடுத்த மருந்து பென்ஃபுளூரமின். 60 மில்லிகிராம் மாத்திரை. மாத்திரைக்கு முன்னாலும், பிறகு மணிக்கு ஒரு தடவையாக அய்ந்து மணி நேரம் வரையிலும் இரத்தம் எடுத்துப் புரோலாக்டின் ஏறுவதைப் பார்த்தார்கள். மனச்சோர்வுக்காரர்களுக்கும், முன்பின் யோசியாமல் சட்டென்று கோபாவேசம் கொள்ளும் ஒருவகைச் சுபாவக்காரர்களுக்கும், சராசரியாக, ஆரோக்கியமானவர்களைவிட ஏற்றம் குறைவாயிருந்தது. தற்கொலைக்கு முயன்றவர்களிடத்தில் அந்தக் குறைவு அதிகமாகக் காணப்பட்டது.

மருந்தின் வேலையைப் பார்க்கவும் இதே வழி உதவிற்று. டிரிப்டோபேனை ஊசி வழியாக இரத்தத்தில் ஏற்றினால் புரோலாக்டின் ஏறும். மனச்சோர்வுக்கான மருந்துகள் சிலவற்றைச் சில வாரம் கொடுத்த பிறகு அதே டிரிப்டோபேனை ஏற்றிப் பார்த்தபோது, ஏற்றம் முன்னைவிட அதிகமாயிருந்தது. அதாவது, மருந்து வயிற்றில் போய்ச் சும்மா கரைந்துவிடவில்லை. மூளையின் சிரோட்டோனின் வழியில் ஏதோ மாற்றம் செய்திருக்கிறது என்பதற்கு உயிரோடிருக்கும் மனிதனிடத்திலேயே ருஜு கிடைத்தது.

சரி, இதோடு ஒப்புக்கொண்டுவிடலாமா? கூடாது. விஞ்ஞானிகளும் இதோடு விட்டுவிடவில்லை. தாங்கள் கொண்டுவந்த சாட்சியைத் தாங்களே குறுக்கு விசாரணை செய்தார்கள்.

முதல் கேள்வி: புரோலாக்டின் ஊசி குத்திய பயத்தால் ஏறியிருக்கக் கூடாதா? கூடும். பயமும் வலியும் அதை ஏற்றும். ஆகவே ஊசிக்குழாயை முன்கூட்டியே கையில் பொருத்தி, ஆளைப் படுக்கவைத்துச் சிறிது நேரம் பொறுத்துப் பிறகே இரத்தம் எடுக்க வேண்டும். அதே ஆளுக்கு வேறொரு நாள் மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்து அன்றைய கணக்கையும் எடுக்க வேண்டும். இன்று கொடுத்தது எது என்பது அவருக்குத் தெரியக் கூடாது.

இரண்டாவது கேள்வி: ஏற்றியது சிரோட்டோனின்தானா, வேறொன்றா? டோபமைன் என்னும் இன்னொரு தூதன் புரோலாக்டினுக்குக் கடிவாளம் போன்றவன். பித்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் அந்தக் கடிவாளத்தைத் தளர்த்துவதாலேயே புரோலாக்டின் ஏறிவிடும். ஆகவே சிரோட்டோனினைத் தடுக்கும் மருந்தை முன்னால் கொடுத்துவிட்டுப் பிறகு பென்ஃபுளூரமினைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்றம் தணிந்தது. அதன் பிறகே சிரோட்டோனின் என்னும் சாட்சியத்துக்குப் பலம் வந்தது.

மூன்றாவது கேள்வி: வயது, ஆண் பெண் வித்தியாசம், மாதவிலக்கு நாள், காலையா மாலையா, பட்டினியா சாப்பாடா இவைகள் கணக்கை மாற்றாவா? மாற்றும். உடல் இளைக்கச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட பெண்களுக்கு ஏற்றம் அதிகமாவதையும் கண்டார்கள். இவைகளையெல்லாம் ஒத்துப் பார்க்காமல் இரண்டு பேரை ஒப்பிட்டால் கணக்குப் பொய்யாகிவிடும்.

தோழர்களே! இந்த மூன்று கேள்விகளில் ஒன்றையாவது பேயோட்டுகிறவன் தன்னையே கேட்டுக்கொண்டதுண்டா? வேப்பிலை அடித்தவர்களில் எத்தனை பேருக்குக் குணமாயிற்று, அடிக்காமல் விட்டவர்களில் எத்தனை பேருக்குத் தானாகவே குணமாயிற்று என்று எந்தப் பூசாரி கணக்கு எழுதிவைத்தான்? குணமானால் சாமி மகிமை. குணமாகாவிட்டால் உன் கர்மம். எப்படி விழுந்தாலும் தோற்காத சூதாட்டம் அது. தோற்பதற்கு இடமில்லாத வார்த்தையில் உண்மைக்கும் இடமில்லை.

இது ஒருபுறமிருக்க, நம் நாட்டிலும் இந்தச் சோதனை நடந்திருக்கிறது. ஒரே எண்ணம் விடாமல் பிடித்தாட்டி, கழுவிய கையையே கழுவவும், பூட்டிய பூட்டையே இழுத்துப் பார்க்கவும் செய்யும் நோய் ஒன்று உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர்கள், அந்த நோய்க்காரர்களுக்குச் சிரோட்டோனின் வழியைத் தூண்டும் எம்-சி-பி-பி என்கின்ற மருந்தைக் கொடுத்து, ஹார்மோனும் நடத்தையும் எப்படி மாறுகின்றன என்று பார்த்து, 2001-ல் வெளிநாட்டு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள்.

அதே 2001-ம் வருஷத்தில்தான், ஆகஸ்ட் 6-ந் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் ஓடித் தப்பவும் முடியவில்லை. ஒரே தேசம், ஒரே வருஷம், ஒரே வகைத் துன்பம். ஒரிடத்தில் ஹார்மோனின் அளவை நானோகிராமில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னோரிடத்தில் காலில் விலங்கு பூட்டிக் கனவில் உத்தரவு வருமென்று காத்திருக்கச் செய்தார்கள். கோயிலானாலும் தர்காவானாலும் மாதாகோவிலானாலும் நமது கண்டனம் ஒன்றேதான். அந்த ஏழைகளைக் கொண்டுபோய் விட்ட வீட்டார்மீது நாம் கோபிப்பதில் பயனில்லை. வேறு வழியை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை என்பதுதான் உண்மை.

நிற்க, விஞ்ஞானத்தின் பெயரால் நடக்கும் அவசரத்தையும் நாம் விட்டுவிடக் கூடாது. மேற்கண்ட சோதனைகள் காட்டியது கூட்டத்தின் சராசரியை. நோயாளிகள் பலருடைய ஏற்றம் ஆரோக்கியமானவர்களுடையதைப் போலவே இருந்தது. ஆகவே ஒருவர் கையில் இரத்தம் எடுத்து, “இவருக்கு மனச்சோர்வு” என்று இதைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. மேலும் இது பேசுவது ஹைப்போதலாமஸுக்குப் போகும் வழியைப் பற்றி மாத்திரமே. வாலாஜா ரோடு ஸ்டேஷனில் வண்டி தாமதமாக வந்தது என்பதைக் கொண்டு இந்தியா தேசத்து ரயில் பாதை முழுவதற்கும் தீர்ப்பு எழுதலாமா?

அந்தச் சோதனை மருந்தின் கதியையும் பாருங்கள். பென்ஃபுளூரமின் முதலில் உடல் இளைக்கக் கொடுத்த மருந்து. அதைச் சாப்பிட்டவர்களுக்கு இருதய வால்வு கெடுவது வெளியாகி, 1997 செப்டம்பரில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. சோதனைக்கும் அது இல்லாமற் போய், சிட்டலோப்ராம் போன்ற வேறு மருந்துகள் அந்த இடத்துக்கு வந்தன. பிறகு 2020-ல் குழந்தைகளுக்கு வரும் ஒருவகைக் கடுமையான வலிப்புக்கு மாத்திரம், கண்காணிப்போடு, அதே மருந்து திரும்ப அனுமதிக்கப்பட்டது. தப்பென்று கண்டால் விலக்குவதும், வேறு நோய்க்கு உபயோகமென்று கண்டால் அளவோடு சேர்ப்பதுமான இந்தக் குணம் எந்த வேதத்துக்காவது உண்டா?

“சிரோட்டோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம்” என்கின்ற வாதத்துக்கு வருவோம். சுக்குக் கஷாயம் குடித்துத் தலைவலி நின்றால், உடம்பில் சுக்கு குறைந்திருந்தது என்று அர்த்தமா? மருந்து ஒரு வழியில் வேலை செய்கிறது என்பது வேறு. அந்த வழி கெட்டதால்தான் நோய் வந்தது என்பது வேறு. 2022-ல் லண்டனில் மான்கிரீஃப் என்னும் டாக்டர் அம்மையாரும் கூட்டாளிகளும் பல வருஷத்து ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்து, குறைவுக் கொள்கைக்கு ஒத்த ருஜு இல்லை என்று எழுதினார்கள். லண்டனிலேயே வேறு சிலர், மண்டைக்குள் கதிர்ப்படம் பிடிக்கும் புதிய முறையால் சிலரைச் சோதித்து, மனச்சோர்வுக்காரர்களின் மூளையில் மருந்தின் தூண்டுதலுக்குச் சிரோட்டோனின் வெளிப்படுவது குறைவாயிருக்கிறது என்று எழுதினார்கள். வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே முடிந்துபோன தீர்ப்பைப் போல இதைப் பரப்புகிறவர்கள் விஞ்ஞானத்தைப் பேசவில்லை. புதிய புராணத்தைப் பேசுகிறார்கள்.

ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு, “பார்த்தாயா, மாத்திரையும் புரட்டுத்தான்” என்று யாரும் மருந்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். மாத்திரையால் குணமுண்டா என்பது போலி மாத்திரையோடு ஒப்பிட்டுத் தனியே பரீட்சிக்கப்பட்ட விஷயம். எப்படிக் குணம் செய்கிறது என்பதில்தான் தர்க்கம். பலருக்குக் குணம் செய்கிறது என்பதில் அல்ல. திடீரென்று நிறுத்தினால் மயக்கம், தூக்கமின்மை, பதற்றம் முதலிய தொல்லைகள் வரக்கூடும், நோயும் திரும்பக்கூடும். கூட்டுவதோ குறைப்பதோ டாக்டரைக் கலந்தே செய்ய வேண்டும்.

நம்மவர்களுக்குத் தூர தேசம் போக வேண்டிய அவசியமும் இல்லை. வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியார் பாகாயத்தில் 1957-லேயே மனநோய்க்கென்று தனியிடம் ஏற்படுத்தினார்கள். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பூட்டிவைக்காமல், சொந்தக்காரரையும் கூடவே தங்கவைத்து வைத்தியம் செய்வது அங்கே ஆரம்பத்திலிருந்து நடந்துவரும் வழக்கம். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுகிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. சங்கிலி காலில் இருக்கிறது என்னும் நிலைமை எங்கேனும் இருந்தால், அதைக் கண்டும் பேசாமல் போகிறவர்களுக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு.

ஆகவே தோழர்களே! சித்தம் கலங்கியவருக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி, காரணம் சொல்ல வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்பதுதான். எப்படிக் கண்டீர்? எதோடு ஒப்பிட்டீர்? நீர் சொல்வது தப்பானால், தப்பென்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுகிறவர் யாராயிருந்தாலும் அவரிடம் போங்கள். பதில் சொல்லாமல் கோபித்துக்கொள்ளுகிறவர் காவி கட்டியிருந்தாலும் சரி, குல்லாப் போட்டிருந்தாலும் சரி, வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தாலும் சரி, அவரை வாசற்படியிலேயே நிறுத்திவிடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் ஒரு தோலையே வாங்காதவர்கள் நாம். வீட்டு மனிதரின் மூளையை மாத்திரம் ருஜுவில்லாத வார்த்தைக்கு ஒப்புக்கொடுக்கலாமா?